சுடலைமாடத்தி எழுதாத வரி

ஞாயிற்றுக்கிழமை, காலை 10.45.

திருவனந்தபுரம் கோட்டைக்கு அருகிலிருந்த அந்த லாட்ஜின் 203-ஆம் அறையில் விஜயம் மாமி தலையணையைத் தூக்கிப் பார்த்தாள். அடியில் ஒன்றுமில்லை. இன்னொரு தலையணையையும் தூக்கினாள். மெத்தையைப் புரட்டினாள். அப்புறம் அவள் போட்ட கூச்சலில் கீழே வரவேற்பறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

"என் தோடு! மஹேஷ், என் வைரத்தோட்டைக் காணோம்டா!"

சனி, ஞாயிறு இரண்டு நாள் ஊர் சுற்ற என்று சென்னையிலிருந்து வந்தவர்கள். விஜயம், மகன் மஹேஷ், மருமகள் ஜானவி. சனிக்கிழமை கோவளத்தில் கால் நனைக்கும்போது தோட்டின் திருகாணி தளர்ந்துவிட்டது. பத்திரமாக இருக்கட்டும் என்று இரண்டு தோட்டையும் கழற்றிக் குங்குமச் சிமிழில் போட்டு, சிமிழைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, ஞாயிறு காலை எட்டேகாலுக்குப் பத்மநாபசாமி கோயிலுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தால் சிமிழோடு காணோம்.

10.55. மேனேஜர் வேலாயுதன் படியேறி வந்தார். பூட்டு உடையவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை. போன வாரம் இடி விழுந்ததிலிருந்து கேமரா வேலை செய்யவில்லை. அறைச்சாவி விருந்தாளிகளிடம் ஒன்று. இன்னொன்று அறைகளைச் சுத்தம் செய்யும் சுடலைமாடத்தியின் கொத்தில். வேலாயுதன் அதற்கு மேல் யோசித்துத் தலையை வருத்திக்கொள்ளவில்லை.

மாடத்தி மொட்டை மாடியில் விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வள்ளியூர்ப் பக்கத்துக்காரி. இந்த லாட்ஜில் நான்கு வருடம். கீழே கூப்பிட்டார்கள். இறங்கி வந்தாள். "திருடி, எங்கேடி என் தோடு?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள் விஜயம். என்ன ஏது என்று கேட்பதற்குள் வேலாயுதன் அவளுடைய பையைப் பிடுங்கி, வரவேற்பறை மேசைமேல், எட்டுப் பத்துப் பேர் பார்க்கக் கவிழ்த்தார். மாற்றுச் சேலை, சாப்பாட்டுத் தூக்கு, சீப்பு, தலைவலி மாத்திரை. அவள் உள்பாவாடைகூட அங்கே கிடந்தது. முதலில் அதை எடுத்து மடித்து உள்ளே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"என் பையத் தொட உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா?"

"சத்தம் வைக்காதே. போலீஸ் வரும், அவங்ககிட்ட பறை."

கோட்டை முதல் தம்பானூர் வரை எத்தனை லாட்ஜ் உண்டோ அத்தனை மேனேஜர்களும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். திருடி என்ற பெயர் இங்கே ஒட்டினால் சாயங்காலத்துக்குள் எல்லாக் கதவும் சாத்திவிடும். ஊரில் இன்னும் மோசம். இது மாடத்திக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் அவள் அழவில்லை.

11.20. சப்-இன்ஸ்பெக்டர் பிஜி வந்தார். முப்பத்தைந்து வயதுப் பெண். பாறசாலை எல்லையில் மூன்று வருடம் வேலை பார்த்ததில் தமிழ் பேசவும், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வரும். முதலில் விருந்தாளிகள்.

"கோயிலுக்கு எத்தனை பேர் போனீங்க?"

"நாங்க மூணு பேரும். நாகேஸ்வரன் கூட்டிண்டு போனார்" என்றாள் விஜயம்.

சோபா ஓரமாக நின்ற நாகேஸ்வரன் தலையசைத்தார். கரமனை அக்ரஹாரத்துக்காரர். வெளியூர்க்காரர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது தொழில். மாசத்தில் நாலு தடவையாவது இந்த லாட்ஜுக்கு ஆள் கூட்டி வருகிறவர்.

"பாவம், அவருக்குத்தான் கஷ்டம்" என்று மஹேஷ் ஒரு தாளை நீட்டினான். "எவ்வளவு அழகா ப்ளான் போட்டுக் கொடுத்தார், பாருங்க மேடம். எனக்குத் தமிழ் படிக்க வராது, டெல்லில வளர்ந்தவன். அம்மாதான் படிச்சுச் சொன்னா."

கோடு போட்ட தாளில் நீல மையில் இருந்தது: சநி – மியூசியம், மிருகக்காட்சி சாலை, சங்குமுகம், கோவளம். ஞாயிறு – கோவில், குதிரமாளிகை, பொந்முடி.

"அம்மாவுக்குப் படிக்கணுமேன்னு தமிழ்ல எழுதினதாக்கும்" என்றார் நாகேஸ்வரன். "எழுத்து நானாப் படிச்சது, கேட்டேளா."

பிஜி தாளைப் பார்க்காமலே மேசைமேல் வைத்தார்.

"அறைச்சாவி?"

"என் ஹேண்ட்பேக்ல" என்றாள் விஜயம். "பையும் ஃபோனும் உள்ளே விடமாட்டாளே. வெளியில கொடுத்துட்டுத்தான் போனோம். ஒரு மணி நேரம் க்யூ. திரும்பி வந்து வாங்கறச்சே எல்லாம் வச்சது வச்சபடி இருந்தது."

பிஜி தலையாட்டினார். பிறகு மாடத்தியின் பக்கம் திரும்பினார்.

"203-க்குள்ள எப்போ கேறினே?"

"இன்னிக்குக் கேறவே இல்ல மேடம். ஊருக்குப் போறவங்க, ரூம் காலி பண்ணுன பெறகு பாத்துக்கலாம்னு விட்டுட்டேன். 201, 202 முடிச்சேன். ஒம்பது மணிக்கு மாடிக்குப் போயிட்டேன்."

"யாராவது கண்டோ?"

"யாரும் பாக்கல."

வேலாயுதன் வெற்றி பெற்ற முகத்தோடு ஒரு நோட்டை நீட்டினார். ஒவ்வொரு மாடியிலும் படி முகப்பில், ஆணியில் பேனாவோடு தொங்கும் நோட்டு. அறையைச் சுத்தம் செய்தவர்கள் நேரம் போட்டு எழுதிவைக்க வேண்டும். மலையாளம் எழுதத் தெரியாததால் மாடத்தி தமிழில் எழுதுவாள். கடைசி வரியில் 203 என்றும் 9.20 என்றும் எழுதி, கீழே அவள் பெயரும் இருந்தது.

"எனக்குத் தமிழ் படிக்கான் அறியில்லா. ஆனா நம்பர் அறியும்" என்றார் வேலாயுதன்.

பிஜி எழுத்துக்கூட்டிப் படித்தார். பெருமூச்சு விட்டார். "நீயே எழுதி வச்சிருக்கியே, மாடத்தி. வா, ஜீப்புல ஏறு."

"ஏறமாட்டேன்."

மாடத்தி மேசைப் பக்கம் வந்தாள்.

"நான் எழுதாத எழுத்துக்கு நான் ஏன் ஏறணும்? நோட்ட என் கையில குடுங்க மேடம். என் பேரு போட்டிருக்கு, அதை நான் பாக்கக் கூடாதா?"

பிஜிக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் நோட்டைக் கொடுத்தார்.

203. ஜந்நல் துடைச்சேன். தலையணை உறை மாத்திநேன். 9.20. சுடலைமாடத்தி.

மாடத்தி ஒருமுறை படித்தாள். திரும்பவும் படித்தாள். அவள் முகம் மாறியதை பிஜி கவனித்தார். பயந்தவள் முகம் அப்படி மாறாது.

"மேடம், உறை மாத்துனேன்னு இதுல இருக்கு. மேல போய்த் தலையணையப் பாருங்க. மாத்தியிருந்தா வெளுத்த உறை இருக்கணும்."

ஜானவி ஏற்கெனவே படியில் ஓடிக்கொண்டிருந்தாள். இரண்டு நிமிடத்தில் தலையணையோடு வந்தாள். உறை நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய்க்கறை.

"அம்மா தினம் தேங்காய் எண்ணெய் வைப்பா. இது நேத்து ராத்திரி படுத்த உறைதான்" என்றாள்.

சாய்ந்து நின்ற பிஜி நிமிர்ந்தார். உறை மாறவில்லை. அப்படியானால் நோட்டில் இருப்பது பொய். செய்யாத வேலையை எழுதி வைத்துத் தன் தலையில் தானே பழியைப் போட்டுக்கொள்ளும் திருடி உலகத்தில் உண்டா? வேறு யாரோ இவளை மாட்டிவிட எழுதியிருக்கிறார்கள். தலையணையைத் தொட்டவள் இவள்தான் என்று காட்டத்தான் உறையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

"யாரு எழுதினது?" என்றார், இப்போது வேறு குரலில்.

"சொல்லுதேன். அதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி." மாடத்தி விஜயத்திடம் திரும்பினாள். "அம்மா, தோடு தலையணைக்குக் கீழ இருக்குன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"எங்களுக்குத்தான்... காலம்பற காப்பி குடிக்கறச்சே சொல்லிண்டிருந்தேன். நாகேஸ்வரனும் இருந்தார். கோயில்ல கூட்டம் ஜாஸ்தி, ரூம்லயே இருக்கட்டும்னு அவர்தான்..." விஜயம் பாதியில் நிறுத்தினாள்.

"கோயில் வாசல்ல பையக் குடுத்தேன்னிய. யாருகிட்ட? கவுண்டர்லயா?"

"கவுண்டர்ல ஏக வரிசை. நாகேஸ்வரன்தான், நான் தினம் சேவிக்கற பெருமாள், நீங்க போய்ட்டு வாங்கோ, நான் வெளியில வச்சுண்டு நிக்கறேன்னார்."

பிஜி உதட்டைக் கடித்துக்கொண்டார். 'கொடுத்துட்டுப் போனோம்' என்றதும் கவுண்டர் என்று அவரே முடிவு செய்திருந்தார். ஒரு மணி நேரம் சாவி நாகேஸ்வரன் கையில். லாட்ஜ் பத்து நிமிட நடை. மாசம் நாலு தடவை வருகிறவர் படியேறினால் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை.

"இது என்ன அநியாயம்!" என்றார் நாகேஸ்வரன். "நான் கோயில் நடையிலேயே நின்னேன். அந்த நோட்டுல இருக்கறது என் கையெழுத்தே இல்லை. வேணும்னா ஒத்துப் பாருங்கோ!"

உண்மைதான். தாளில் இருந்த எழுத்து உருண்டை. நோட்டில் இருந்தது இடப்பக்கம் சாய்ந்த கோழிக்கிறுக்கல்.

"கையெழுத்த மாத்திட்டிய சார்" என்றாள் மாடத்தி. "எழுத்த மாத்தத் தெரியல."

அவள் நோட்டையும் பயணத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"நோட்டுல ஜன்னல்னு வரவேண்டிய எடத்துல ஜந்நல். மாத்தினேன்னு வரவேண்டியது மாத்திநேன். இந்தத் தாள்ல சனி, சநி. பொன்முடி, பொந்முடி. மேடம், நீங்க மலையாளம் படிச்சவங்க. மூணு சுழி 'ண'வ விட்டுட்டா, உங்க எழுத்துல எத்தன 'ன' இருக்கு?"

பிஜி ஒரு கணம் யோசித்தார். அப்புறம் சிரித்தேவிட்டார்.

"ஒண்ணு. நாக்குல ரெண்டு உண்டு, எழுதுறது ஒண்ணுதான். சொல் முடிவுல வர்ற 'ன்'-க்கு மட்டும் வேற எழுத்து."

"தமிழ்ல ரெண்டு. ஒண்ணாங் கிளாஸ்ல வாத்தியார் அடிச்சுச் சொல்லிக் குடுத்தது. நரிக்கு ஒண்ணு, மீனுக்கு ஒண்ணு. தமிழ்நாட்டுல படிச்ச எந்தப் பிள்ளையும் ஜன்னலுக்கு அந்த 'ந' போடாது. மலையாளப் பள்ளிக்கூடத்துல படிச்சு, பெறகு தமிழ் எழுத்தத் தானாப் பழகுனவங்கதான் போடுவாங்க. மேனேஜருக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. டெல்லில வளர்ந்த இந்தச் சாருக்கும் தெரியாது. நாகேஸ்வரன் சார், நீங்க எந்த மீடியம்?"

நாகேஸ்வரனின் நெற்றிச் சந்தனம் வேர்வையில் கரைந்து இறங்கிக்கொண்டிருந்தது.

பிஜி நோட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டினார். நான்கு மாதத்து வரிகள். ஜன்னல், மாத்தினேன், தண்ணி வரல. ஓரிடத்திலும் அந்தப் பிழை இல்லை.

"எனக்கு வெட்கமா இருக்கு" என்றார் மெதுவாக. "தப்பு தப்பா இருக்குன்னு படிக்கும்போதே தோணிச்சு. ரூம் கிளீன் பண்றவதானே, தப்பாத்தான் எழுதுவான்னு நினைச்சேன்."

"அவரும் அதத்தான் நெனச்சிருப்பாரு" என்றாள் மாடத்தி.

11.50. வெளியே நின்ற நாகேஸ்வரனின் ஸ்கூட்டரில், சீட்டுக்கு அடியில், மழைக்கோட்டின் மடிப்புக்குள் குங்குமச் சிமிழ் இருந்தது. சிமிழுக்குள் இரண்டு தோடும். நாகேஸ்வரனை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது, "ஒரு எழுத்து தானே..." என்று முனகினார்.

விஜயம் தோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மாடத்தியின் அருகில் வந்து, யாருக்கும் கேட்காதபடி, "மன்னிச்சுக்கோம்மா" என்றாள்.

"திருடின்னு கூப்பிட்டப்ப தெரு வரைக்கும் கேட்டுச்சு. மன்னிப்பு எனக்கே சரியாக் கேக்கலியேம்மா."

விஜயத்தின் முகம் சிவந்தது. பிறகு, சொல்லத்தான் வேண்டும், அந்த அம்மாளும் சாமானியமில்லை. திரும்பி நின்று, எழுந்து நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "இவள் எடுக்கலை. நாங்கதான் தப்பாச் சொல்லிட்டோம். மன்னிச்சுக்கோ" என்று உரக்கச் சொன்னாள்.

வேலாயுதன் கைகளைத் தட்டினார். "ஆ, எல்லாம் தீர்ந்நல்லோ. மாடத்தி, 205-ல கெஸ்ட் வரும். போய் ரூம் ரெடியாக்கு."

மாடத்தி நகரவில்லை. மேசைமேல் கிடந்த தன் சீப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு பிஜியிடம், "மேடம், ஒரு வெள்ளத்தாள் வேணும்" என்றாள்.

"எதுக்கு?"

"புகார் குடுக்கணும். கேக்காமக் கொள்ளாம ஒரு பொம்பளையோட பையப் பிடுங்கி, உள்பாவாட மொதக்கொண்டு பத்துப் பேரு முன்னால கொட்டுனதுக்கு. மேனேஜர் மேல."

"பராதியா? என் மேலேயா? உன் வேலை வேண்டாமா?" வேலாயுதனின் குரல் உயர்ந்தது.

"வேல வேணும். அதான் எழுதுதேன். இல்லேன்னா நாளைக்கு இன்னொருத்தி பையக் கொட்டுவிய."

பிஜி வேலாயுதனைப் பார்த்தார். மாடத்தியைப் பார்த்தார். "ஸ்டேஷன்ல எல்லாம் மலையாளம்" என்றார், தடுப்பதற்காக இல்லை, வழக்கத்தால். "நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன்."

"வேண்டாம் மேடம். நான் தமிழ்ல எழுதுதேன். மாத்தி எழுதிக்கிறது உங்க வேல."

பிஜி தன் கோப்பிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தார். விருந்தாளிகள் மட்டும் உட்காரும் சோபாவில் மாடத்தி சாவகாசமாக உட்கார்ந்தாள். வேலாயுதன் வாயைத் திறந்து, பிஜியின் முகத்தைப் பார்த்து, மூடிக்கொண்டார். அவள் எழுதியது ஒரு பக்கம் முழுக்க வந்தது. அடியில் முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"படிச்சுப் பாருங்க மேடம். பிழை இருந்தாச் சொல்லுங்க."