மூன்றாவது வளைவில் அறும்!

"ஐயோ..!"

நகைக்கடைப் பக்கமிருந்து வந்த வெடிச் சத்தத்திலும் அலறலிலும், மருந்துக் கடையில் நின்றிருந்த கணவன் வெடுக்கென்று திரும்பினான்.

கடைக் காவலாளி படியில் குப்புறக் கிடந்தார். தலைக்குக் கீழே கசிந்த ரத்தம், அவசரமே இல்லாமல் அடுத்த படிக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

அவரைத் தாண்டிக் குதித்து ஓடி வந்தார்கள் இரண்டு பேர். முன்னால் வந்தவன் தலையில் கம்பளிக் குல்லா. கையில் துப்பாக்கி. பின்னால் ஒரு நெட்டை. தோளில் கனமான பை.

எதிர் ஓரத்தில் எஞ்சின் ஓடியபடி நின்றிருந்தது ஒரு பழைய நீலக் கார்.

ஸ்டியரிங்கில்... அவன் மனைவி!

"மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன். ஆஃப் பண்ணாதே" என்று சொல்லிவிட்டு இறங்கியவன் அவன்தான்.

கதவுகள் திறந்தன. மூடின. கார் பாய்ந்தது.

"என் பொண்டாட்டி... என் பொண்டாட்டி சார்!"

அவன் ஓடினான். புகைதான் மிஞ்சியது.

---

"பாலத்தைத் தாண்டி மலை ரோட்டுல திரும்பிட்டாங்க" என்றார் இன்ஸ்பெக்டர், வயர்லெஸ்ஸைக் காதிலிருந்து எடுத்தபடி. "மலையைத் தாண்டிட்டா எல்லை. அப்புறம் அவங்களைப் பிடிக்கிறது குதிரைக்கொம்பு."

"வழியில தடுப்பு போடுங்க சார்!"

"போட்டா? குல்லாக்காரன் ஏற்கெனவே ஒருத்தரைச் சுட்டவன். பயந்தான்னா அடுத்த குண்டு உங்க மனைவிக்கு."

கணவன் தொப்பென்று உட்கார்ந்தான். எழுந்தான். சட்டென்று இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்தான்.

"சார்... அந்த வண்டி எல்லை வரைக்கும் போகாது!"

"ஏன்?"

"டைமிங் பெல்ட். மாத்தச் சொல்லி மெக்கானிக் ஆறு மாசமா கத்தறார். நான்தான்... அடுத்த மாசம், அடுத்த மாசம்னு..."

அடுத்த தெருவிலிருந்து மெக்கானிக் வந்து சேர்ந்தபோது, கையில் கிரீஸ்கூடத் துடைக்கப்படவில்லை.

"படிச்சுப் படிச்சு சொன்னேனே சார்! கவரைக் கழட்டி, பெல்ட்டுல இருந்த வெடிப்பை உங்க ரெண்டு பேருக்கும் காட்டினேனே!"

"வண்டி அவ்வளவா ஓடவே இல்லையேன்னு..."

"ஓடலேன்னா? அலமாரியில பூட்டி வெச்சா மனுஷனுக்கு வயசாகாதா? ரப்பர் சார் அது! இத்தனை கிலோமீட்டர், இல்லேன்னா இத்தனை வருஷம். எது முந்துதோ அப்ப மாத்திடணும். நீங்க கிலோமீட்டரை மட்டும் பார்த்தீங்க. வருஷத்தைப் பார்க்கலை."

"சண்டையை அப்புறம் போடுங்க" என்று குறுக்கிட்டார் இன்ஸ்பெக்டர். "அறுந்தா என்ன ஆகும்?"

"டமால் டுமீல் எதுவும் இருக்காது சார். பேசிட்டு இருக்கிறவன் பொசுக்குனு வாயை மூடின மாதிரி, எஞ்சின் அடங்கிடும். அவ்வளவுதான். அப்புறம் சாவியை நீங்க எத்தனை தடவை முறுக்கினாலும் வராது."

"எங்க அறும்?"

"மூணாவது வளைவுல!" யோசிக்காமல் வந்தது பதில். "செங்குத்து மேடு. கியரைக் குறைச்சு, எஞ்சினை அலற விட்டுத்தான் ஏறணும். அந்த வளைவுலேர்ந்து நானே எத்தனையோ வண்டியைக் கட்டி இழுத்துட்டு வந்திருக்கேன். இந்த பெல்ட்டோட அந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்காதீங்கன்னு உங்க வீட்டுத் தங்கச்சிகிட்டயும் சொல்லியிருக்கேன்."

இன்ஸ்பெக்டரின் கண்கள் மின்னின.

"தானா நின்னா அவங்களுக்குச் சந்தேகம் வராது. மேல அவுட்போஸ்ட்ல நம்ம ஆளுங்க இருக்காங்க. ரோடு போடற மாதிரி அந்த வளைவுல நிக்கச் சொல்றேன்."

"ஆனா சார்..." மெக்கானிக் இழுத்தார். "எஞ்சின் செத்தா பிரேக்கும் கல்லு மாதிரி ஆயிடும். வண்டி பின்னாடி உருளும். பின்னாடி... பள்ளம்."

கணவன் மெதுவாகத் தலையைப் பிடித்துக்கொண்டான்.

அறுந்தால் பள்ளம். அறாவிட்டால் எல்லை.

எதற்காக வேண்டிக்கொள்வது?

---

"மிதிம்மா!" குல்லாவின் துப்பாக்கி அவள் விலா எலும்பில் குத்தியது. "மாட்டு வண்டியா ஓட்டற?"

"மிதிக்கிறேன். டைமிங் பெல்ட் அறுந்துட்டா அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

"என்ன பெல்ட்டு?"

பின் சீட்டிலிருந்து நெட்டை எட்டிப் பார்த்தான். "அண்ணே... நான் டிரைவர் வேலை பார்த்தவன். அது அறுந்தா வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். மொத்த எஞ்சினும் காலி. கடைசியா எப்பம்மா மாத்தினீங்க?"

"வீட்டுக்காரர் மாத்த விட்டாத்தானே? ஓடற வரைக்கும் ஓடட்டும்கிறார். அதுக்கு வெச்சிருந்த காசுல சீட் கவர் வாங்கினார். நீங்க உக்காந்திருக்கீங்களே, அதான்."

நெட்டை சீட் கவரைத் தடவிப் பார்த்தான். "கவர் நல்லாத்தான் இருக்கு."

"வாயை மூடுடா! டப்பா வண்டியில வந்து மாட்டிக்கிட்டு..." குல்லா உறுமினான். "எதிர்ல வர்ற வண்டியை மறி. அதுல மாறிடலாம்."

"இந்தம்மா?"

"முகத்தைப் பார்த்துட்டா. விட்டுட்டா போக முடியும்?"

க்ளிக்!

துப்பாக்கியில் ஏதோ விலகிய சத்தம். அவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தாள். சாவியில் தொங்கிய ரப்பர் யானை மட்டும், உலகத்தில் எதுவுமே நடக்காதது போல ஆடிக்கொண்டிருந்தது.

வார்த்தையை அதிகமாக விட்டுவிட்டோம்... இப்போது அள்ள வேண்டும்.

"வேண்டாம் அண்ணே... வண்டியை மறிச்சா நாலு பேர் பார்ப்பாங்க. மேல உச்சியில ஒரு ஓட்டல் இருக்கு. வாசல்ல வண்டிங்க நிறைய நிக்கும். மெதுவா போனா அதுவரைக்கும் பெல்ட் தாங்கும்."

குல்லா முன்னாலும் பின்னாலும் ரோட்டைப் பார்த்தான்.

"சரிண்ணே... நாப்பதுலயே போகட்டும்" என்றான் நெட்டை.

துப்பாக்கி அரை அங்குலம் விலகியது.

முதல் வளைவு.

இரண்டாவது வளைவு. கீழே ஊர் தீப்பெட்டிகளாகச் சிறுத்துப் போயிருந்தது. காற்றில் தார் வாசனை...

மூன்றாவது வளைவு!

தார் டிரம். புகை. மண்வெட்டிகளோடு நாலைந்து பேர். ஒருவர் சோம்பலாகச் சிவப்புக் கொடியை அசைத்தார்.

"யாருடா இவங்க?" குல்லா நிமிர்ந்தான்.

"ரோடு போடறாங்கண்ணே."

எஞ்சின் திணறியது. கதறியது...

பொசுக்கென்று அடங்கியது.

கார் பின்னால் உருண்டது! ஓர் அடி... இரண்டு அடி... கண்ணாடியில் பள்ளம் பெரிதாகிக்கொண்டே வந்தது! அவள் கைப்பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள்.

க்ரீச்ச்ச்!

நின்றது.

"அறுந்துடுச்சு!" என்று கத்தினாள்.

"நான்தான் சொன்னேனே!" நெட்டையின் குரலில் பரீட்சையில் பாஸான சந்தோஷம். இறங்கி ஓடிப்போய் பானெட்டைத் திறந்தான்.

எந்த ஆண்பிள்ளைதான் திறந்த பானெட்டுக்கு முன்னால் சும்மா இருப்பான்? குல்லாவும் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினான். குனிந்தான்.

ணங்!

மண்வெட்டி அவன் முதுகில் இறங்கியது. அடுத்த நொடி இருவரும் சாலையில் குப்புறக் கிடந்தார்கள். மணிக்கட்டுகளில் விலங்கு.

---

பின்தொடர்ந்து வந்த ஜீப்பிலிருந்து கணவன் விழுந்தடித்துக்கொண்டு ஓடி வந்தான். பின்னாலேயே மெக்கானிக்.

"உனக்கு ஒண்ணும் ஆகலையே? எல்லாம் என்னாலதான்... நாளைக்கே பெல்ட்டை மாத்திடறேன்!"

"காவலாளி கண் முழிச்சிட்டாராம். பிழைச்சுக்குவார்" என்றபடி வந்தார் இன்ஸ்பெக்டர். "வண்டியை இழுக்க ஆள் சொல்லட்டுமாம்மா?"

"எதுக்கு சார்?"

அவள் காரில் ஏறினாள். ரப்பர் யானை குலுங்கியது. சாவியைத் திருப்பினாள்.

உர்ர்ர்ர்...

எஞ்சின், பால் குடித்த பூனையைப் போல உறுமியது!

மெக்கானிக்கின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. "பெல்ட்டு...?"

"புதுசு அண்ணே."

"எப்ப மாத்தினே?" கணவன் அலறினான்.

"நீங்க சீட் கவர் போட்டீங்களே, அதுக்கு மறுநாள்."

"அப்ப எஞ்சின் நின்னது?"

"சாவியை ஆஃப் பண்ணினேன். நீங்க நேரா மெக்கானிக் அண்ணன்கிட்டதான் ஓடுவீங்க. அண்ணன் மூணாவது வளைவுன்னுதான் சொல்வார். ஆறு மாசமா வேற எதையும் அவர் சொன்னதில்லையே! அப்ப போலீஸ் எங்க நிக்கும்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஜீப்பில் ஏறப்போன நெட்டை நின்றான். "புது பெல்ட்டா? அதை வெச்சுக்கிட்டா நாப்பதுல உருட்டினே? மனசாட்சி இருக்காம்மா உனக்கு?"

மெக்கானிக் மட்டும் சிரிக்கவில்லை.

"தங்கச்சி... நான் மாத்தலையே. யார்கிட்ட மாத்தினீங்க?"

அவள் தலை குனிந்தாள். "உங்ககிட்ட மாத்தினா சாயங்காலமே இவர் காதுக்குப் போயிடும் அண்ணே. அதான்... பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற கடையில..."

"அவன்கிட்டயா?!"

மெக்கானிக் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். கண்கள் கலங்கியிருந்தன.

"கொள்ளை, கடத்தல் எல்லாம் எழுதிட்டீங்க, சரி. கூடப் பிறக்காத அண்ணன் முதுகுல ஸ்பேனரால குத்தினதுக்கு எந்த செக்ஷன் சார்?"