வா தங்கம், சாப்பிடு

நான் கறிக்கடைக்காரன். ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுகிற ஆள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டு முடித்த பிறகு, பயந்தாங்கொள்ளி எதையோ பார்த்து உளறுகிறான் என்று யாரும் கிளம்பக் கூடாது.

அன்று காலையிலிருந்தே மழை பிடித்துக்கொண்டிருந்தது. மதியம்தான், ஆனால் தெரு சாயங்காலம் மாதிரி மங்கிக் கிடந்தது. கடையைச் சாத்திவிட்டு ஒரு பை எலும்போடு என் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். தங்கச்சி இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது. எலும்பு அவள் வளர்த்த நாய்க்கு.

நாய்க்குத் தடியன் என்று பெயர் வைத்தது நான்தான். கன்றுக்குட்டி அளவு உடம்பு, பல்லியைப் பார்த்தால் கட்டிலுக்கு அடியில் பதுங்குகிற தைரியம். முன்பெல்லாம் என்னைப் பார்த்ததும் ஓடி வருவான். என்னை ஒரு பொருட்டாக மதிக்க மாட்டான், நேரே பையை முகர்வான். இப்போது அதுவும் இல்லை. மேஜைக்கு அடியில், அவள் கால் வைத்து உட்காரும் இடத்தில், தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருந்தான்.

அது முன்னறை. தங்கச்சி அங்கே உட்கார்ந்துதான் ஓர் அச்சகத்துக்குப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் பக்கம் பக்கமாக வடிவமைத்துக் கொடுத்தாள். சுவரோரம் மூன்று செத்த கம்ப்யூட்டர்கள் அடுக்கியிருந்தன. மாப்பிள்ளை, அதான் தங்கச்சி புருஷன், எதையும் தூக்கிப் போட மாட்டார். அலுவலகத்தில் கழித்துக் கட்டியதையெல்லாம் கொண்டுவந்து, ஒன்றின் உறுப்பைப் பிடுங்கி இன்னொன்றுக்கு வைத்துக்கொண்டே இருப்பார். மேஜை மேல் இருந்ததுதான் அவளுடையது. பல் மஞ்சளித்த கிழவி மாதிரி இருக்கும். உள்ளே விசிறி முனகிக்கொண்டே இருக்கும். அறை முழுக்கச் சூடான தூசியும் நாய் முடியும் கலந்த ஒரு வாடை.

அந்தப் பெட்டியை நாலு மாதமாக யாரும் நிறுத்தவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஆபரேஷனுக்குப் போவதற்கு முதல் நாள் தங்கச்சிக்குத் தன் உயிரைப் பற்றிக் கவலை இல்லை, தடியன் சாப்பிட மாட்டானே என்றுதான் கவலை. அவள் அப்படித்தான். யாரைப் பார்த்தாலும் தங்கம், எதைக் கேட்டாலும் சாப்பிட்டியா. அவளுக்கு அன்பு என்றால் தட்டில் போடுவதுதான். அதனால் தன் குரலை அந்தப் பெட்டியில் பதிந்து, மதியமும் ராத்திரியும் அதுவாகவே ஒலிக்கும்படி வைத்துவிட்டுப் போனாள்.

“வா தங்கம், சாப்பிடு.”

அவ்வளவுதான் பதிவு. அவள் திரும்பி வரவில்லை. அந்தக் குரல் கேட்டால்தான் தடியன் எழுந்து கிண்ணத்தில் வாய் வைப்பான். போனில் போட்டுக் காட்டினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் எலும்புக்கே மசியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டி நின்றால் தடியன் பட்டினி கிடந்தே செத்துவிடுவான் என்று மருமகள் பயந்தாள். மருமகள் என்றால் தங்கச்சி பெண். படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். தாய் போய்விட்ட வீட்டில் அவள் தோளில் சாய அந்த நாயை விட்டால் வேறு யாரும் இல்லை.

மாப்பிள்ளை அன்று ஒரு முடிவோடு இருந்தார். கொஞ்சம் வயசு குறைந்த வேறொரு பெட்டி கொண்டுவந்திருந்தார். குரலை அதற்கு மாற்றிவிட்டுப் பழையதை நிறுத்தப் போவதாகச் சொன்னார். வேண்டாம்ப்பா என்று மகள் எவ்வளவோ கெஞ்சினாள். நானும் தடுத்துப் பார்த்தேன்.

“தினம் ரெண்டு வேளை அவ குரல் கேக்குது மச்சான்,” என்றார் என்னிடம், மகளுக்குக் கேட்காதபடி. “ஒவ்வொரு வாட்டியும் நானும் எழுந்துக்கறேன். எத்தனை நாளைக்கு?”

நான் எலும்புப் பையைச் சுவரோரம் வைத்தேன்.

குரலை மாற்றினார். பழைய பெட்டியை நிறுத்தினார். விசிறி இழுத்து இழுத்து ஓய்ந்தது. அந்த வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

புதியதில் குரலை ஒலிக்கவிட்டார். அதே குரல், இன்னும் தெளிவாக. தடியன் காதைக்கூட அசைக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டும் அப்படியே கிடந்தான். மருமகள் அழுதுகொண்டே கிண்ணத்தை எடுத்து, சோறு ஆறிவிட்டது, சூடு பண்ணிக்கொண்டு வருகிறேன் என்று சமையலறைக்குப் போனாள். மாப்பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. பழையதையே மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்று, கிண்ணம் இருந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒயர்களைப் பிரித்தார். பிளக் அவர் கையில்தான் இருந்தது. நான் என் கண்ணால் பார்த்தேன்.

பழைய பெட்டி பேசியது.

“வா தங்கம், சாப்பிடு.”

மாப்பிள்ளை கையிலிருந்த பிளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

தடியன் எழுந்தான். உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, தினமும் வருகிற மாதிரி நிதானமாக வந்தான். கிண்ணம் இருக்கும் இடத்தில் வந்து நின்றான். அங்கே கிண்ணம் இல்லை, மாப்பிள்ளைதான் இருந்தார்.

அவர் கையை ஒரு தடவை நக்கினான்.

“சாப்பிடு.”

கடித்தான்.

நாய் கோபத்தில் கடித்தால் உறுமும். இவன் உறுமவில்லை. அடிபட்ட நாய் மாதிரி ஊளையிட்டுக்கொண்டே கடித்தான். வால் காலுக்கு இடையில் ஒடுங்கியிருந்தது. மணிக்கட்டில் பல் இறங்கி எலும்பு நொறுங்கியது. எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும், ஆனால் உயிரோடு இருக்கிற உடம்பிலிருந்து அதைக் கேட்டதில்லை. மாப்பிள்ளை அலறினார். நான் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தேன், முதுகில் ஓங்கி மிதித்தேன். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு துண்டு சதை பிய்ந்து வந்தது. அவன் அதை விழுங்கினான். விழுங்கிக்கொண்டே அழுதான்.

மருமகள் கிண்ணத்தோடு ஓடி வந்து வாசல்படியில் உறைந்து நின்றாள்.

“கிண்ணத்தை வைம்மா,” என்று கத்தினேன். “அவன் முன்னாடி வை!”

வைத்தாள். தடியன் உடனே கையை விட்டான். சோற்றில் முகத்தைப் புதைத்து அள்ளி அள்ளித் தின்றான். நான் மாப்பிள்ளையை இழுத்துச் சுவரில் சாய்த்து, துண்டால் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தேன். ரத்தம் பீறிட்டது. பிடியைத் தளர்த்தினால் ஆள் போய்விடுவார் என்று தெரிந்தது. முடிந்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

கிண்ணம் காலியானது.

“சாப்பிடு.”

நான் எலும்புப் பையைக் காலால் தள்ளினேன். பையோடு சேர்த்துக் கடித்தான். பெரிய பெரிய எலும்புகள், ஒன்றைத் தின்னவே அவனுக்கு அரை நாள் ஆகும். மடமடவென்று நொறுக்கி விழுங்கினான். ஈறு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். வயிறு புடைத்துவிட்டது. பையும் தீர்ந்தது.

“சாப்பிடு, தங்கம்.”

அதே பாசம். சலிப்பே இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. குரலுக்குக் கண் கிடையாது. எதிரே இருப்பது தட்டா, ஆளா என்று அதற்குத் தெரியாது. ஊட்டிவிடுவது மட்டும்தான் தெரியும்.

தடியன் தலையைத் தூக்கினான். அவன் எதிரே இப்போது மருமகள் நின்றாள்.

ஓடு என்று நான் கத்தினேன். அவளுக்குக் கால் வரவில்லை. என் கையோ அவள் அப்பாவின் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“தடியா,” என்றாள் மெதுவாக.

அவன் அவளைப் பார்த்தான். வால் ஒரே ஒரு முறை ஆடியது.

“சாப்பிடு.”

தடியன் தலையைக் குனிந்தான். தன் முன்னங்காலைத் தானே கவ்வினான்.

அதை நான் விவரிக்க மாட்டேன். குரல் சொல்லச் சொல்ல அவன் நிறுத்தவில்லை. அவள் பக்கம் ஓர் அடிகூட எடுத்து வைக்கவுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டும்போது குரலும் நின்றிருந்தது, அவன் உயிரும் அடங்கியிருந்தது. நான் அப்போதுதான் வாய்விட்டு அழுதேன்.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டார். கை போய்விட்டது, இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார். நான் மறுநாளே கடைக் கத்தியோடு போய் அந்த வீட்டில் இருந்த பெட்டி அத்தனையையும் கண்டதுண்டமாக வெட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினேன். அண்ணன் தங்கச்சிக்குச் செய்கிற காரியம் இல்லை அது. ஆனாலும் செய்தேன். மருமகளை என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நான் ஒண்டிக்கட்டை. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது, இருந்த ரேடியோவையும் யாரிடமோ கொடுத்துவிட்டேன்.

அவள் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. தட்டை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து கெஞ்சுவேன், ஒரு வாய்கூட இறங்காது.

இன்று மதியம் உலையில் சோறு வைத்துவிட்டு, அவளுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தவன், அசதியில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது சோறு இன்னும் வெந்துகொண்டிருந்தது. அவள் அதே இடத்தில் இருந்தாள். துப்பட்டாவை இடது கையில் சுற்றியிருந்தாள். அது நனைந்திருந்தது. கீழே சொட்டியது.

நான் பிரித்துப் பார்த்தேன். பல் தடம். அவள் உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

என்னம்மா இது என்று கேட்டேன்.

“அம்மா சாப்பிடச் சொன்னாங்க மாமா,” என்றாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் பேச்சு. “எதிர்ல நீங்கதான் இருந்தீங்க.”