வெள்ளிக்கிழமை வந்த கறுப்புக் கோட்டுகள்

டெலிபோன் அலறியது!

மார்லிஸ் எடுத்தாள். அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊர் பேங்க்கில், வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே மோப்பம் பிடிப்பதுதான் அவள் வேலை.

"நான் டெப்... மோட்டல் ரிசப்ஷன்லேர்ந்து பேசறேன். இந்தக் கூத்தைக் கேளுடி! இருபது பேர் வந்து எறங்கியிருக்காங்க. எல்லாருக்கும் கறுப்புக் கோட்டு. 'சமவெளி நண்பர்கள்'னு பேர் குடுத்திருக்காங்க. ஒருத்தன் மூஞ்சியிலயும் சிரிப்பு இல்ல. இவங்கல்லாம் நண்பர்களாம்!"

மார்லிஸ் காலண்டரைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை!

பேங்க்கை மூட வரும் அரசாங்க ஆட்கள் வெள்ளிக்கிழமைதான் வருவார்கள். பொய்ப் பெயரில் ரூம் போடுவார்கள். ஷட்டர் இறங்கியதும் உள்ளே நுழைவார்கள்.

அவர்களுக்குத் தெரிந்துவிட்டது... எல்லாம் தெரிந்துவிட்டது!

சேர்மன் ராண்டலின் அறைக்கு ஓடினாள். அவர் டோனட் கடித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டாங்க, ராண்டல்!"

"யாரு?"

"மூடறவங்க!"

"ஒளறாதே. நம்ம ரிப்போர்ட் பச்சையாத்தானே இருக்கு?"

"பச்சையாக்கினதே நான்தானே!"

ஊராரின் டெபாசிட்டையெல்லாம் சொற்ப வட்டி தரும் பத்து வருஷக் கடன் பத்திரங்களில் முடக்கியிருந்தார் ராண்டல். வெளியே வட்டி ஏறியது... ஏற ஏற, பழைய பத்திரங்களின் விலை சரிந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் பணம் கேட்டால் நஷ்டத்துக்கு விற்றுத்தான் கொடுக்க வேண்டும். விற்றாலும் போதாது. மார்லிஸின் கம்ப்யூட்டர் அப்போதே சிவப்பு காட்டியது.

"நம்ம ஜனங்க அவ்வளவு சீக்கிரம் பணத்தை எடுக்க மாட்டாங்கன்னு கணக்குல மாத்திப் போடு" என்றார் ராண்டல் அன்று.

மாற்றினாள். சிவப்பு பச்சையானது.

அன்றிலிருந்து சர்ச்சில் யார் அவளைப் பார்த்துச் சிரித்தாலும் உடம்பு கூசியது. சிரிக்கிறவர்களின் பணம் அல்லவா!

"அவங்களா கண்டுபிடிக்கறதுக்குள்ள நானே போய் ஒத்துக்கப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? வாயைத் தெறந்தா நீதான் உள்ள போவே!"

"போறேன். கண்ணாடியில என் மூஞ்சிய என்னால பாக்க முடியல, ராண்டல்!"

மோட்டல் ஹாலில் இருபது பேரும் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த நரைத்தலைக்காரர் முன்னால் போய் நின்றாள். குனிந்த தலை நிமிராமல், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

நரைத்தலைக்காரர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏம்மா... எங்களை யாருன்னு நெனச்சீங்க?"

"பேங்க்கை மூட வந்த... அரசாங்க..."

"நாங்க சவ அடக்கம் பண்றவங்கம்மா! வருஷாந்திரக் கூட்டம். தொழிலைச் சொன்னா பக்கத்து ரூம்காரங்க பயந்து காலி பண்றாங்க. அதான் வேற பேரு."

அப்படியானால்... அரசாங்கத்தில் யாருக்குமே தெரியாதா?

ஒரு கணம் நெஞ்சு லேசானது. அப்படி லேசானதே அவளுக்கு அவமானமாக இருந்தது.

நிமிர்ந்தாள்.

இருபது கைகளில் இருபது செல்போன்கள்!

"என்ன... என்ன பண்றீங்க?"

"தங்களோட சாவுச் செலவுக்குன்னு ஜனங்க எங்ககிட்ட முன்னாடியே கட்டி வைக்கற பணம்மா. மாநிலம் பூராவும் வசூலானது. அத்தனையும் உங்க பேங்க்லதான் கெடக்கு. வேற பேங்க்குக்கு மாத்திட்டிருக்கோம்."

"ஐயோ... எல்லாரும் ஒரேயடியா எடுத்தா பேங்க் செத்துடும்!"

நரைத்தலைக்காரர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"செத்தது மனுஷன்னா நாங்க பாத்துக்குவோம்மா... பேங்க்குக்கு அரசாங்கம்தான் வரணும். நாங்க காலி பண்ற ரூமையே அவங்களுக்குப் போடச் சொல்லுங்க!"