பன் தின்ற செம்புத் தாத்தா

எங்கள் தெரு பன் கடையில் ஒரு செம்புத் தாத்தா இருக்கிறார். சும்மா இல்லை, தினமும் பன் தின்கிறார். வெண்ணெய் தடவியது என்றால் இரண்டு தின்பார். உடம்பு முழுக்கச் செம்பு. தடிமனோ என் விரல் நகத்தளவுகூட இல்லை. தின்றதெல்லாம் எங்கே போகிறது என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் சொன்னால் தெருவே நம்பும், ஒருவரைத் தவிர. அவர் பக்கத்துக் கடையில் கடிகாரம் பழுது பார்ப்பவர். "மழை பெய்யுது" என்றால்கூட "எங்க, காட்டு" என்பார். தொப்பலாக நனைந்த பிறகும் உள்ளங்கையில் இரண்டு சொட்டு பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடையை விரிப்பார். அதனால் அவருக்கு 'எங்க-காட்டு மாமா' என்றே பெயர்.

பன் கடை குண்டூசியின் அம்மாவுடையது. குண்டூசிக்குப் பத்து வயது. ஆள் ஒல்லி, எதையும் குத்திக் குடைந்து கேட்காமல் விடமாட்டாள். அவள் அம்மா சுடும் பன் அவ்வளவு லேசு. காற்றில் பறந்துவிடும் என்று இடுக்கியில் பிடித்துத்தான் தருவார். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதே அந்தக் கடையின் மூலை மேசையில் நிம்மதியாக உட்காரத்தான்.

ஒருநாள் அம்மா சுவர்களுக்கு வெள்ளை அடித்து, அலங்காரத்துக்கு மூன்று செம்புத் தகட்டுப் படங்கள் வாங்கி வந்தார். ஒன்றில் தாடித் தாத்தா ஒருவர் கை நீட்டி நின்றார். ஒன்றில் குழந்தையைப் போர்வைக்குள் அணைத்தபடி குளிரில் ஒடுங்கிய ஒரு பெண். மூன்றாவதில் கிழிந்த தொப்பியோடு பிடில் வாசிக்கும் ஒருவர்.

"என்னம்மா, எல்லாரும் கிழிஞ்ச துணியோட இருக்காங்க?" என்றாள் குண்டூசி.

"அந்தக் காலத்து ஏழைங்கடி. ஓவியர் ஒருத்தர் தகட்டுல ஊசியால கீறி, மை தடவி, காகிதத்துல அச்செடுத்தாராம். அந்தப் படத்தைப் பார்த்து இப்ப மறுபடி தகட்டுலயே செஞ்சிருக்காங்க."

"தகட்டுல இருந்து காகிதத்துக்குப் போய், திரும்பவும் தகட்டுக்கே நடந்து வந்தாங்களா? பாவம், கால் வலிக்கும்."

அம்மா ஒரு தப்புச் செய்தார். உட்கார்ந்து சாப்பிடுபவர்களுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று, படங்களை மேசைகளுக்கு நேரே, முகத்துக்கு எதிரே மாட்டிவிட்டார். யார் பன்னைப் பிட்டாலும் தாத்தாவின் கை சரியாகத் தட்டுக்கு மேலே நீண்டது.

தையல்காரர் ஒருவர் முதுகைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். அந்தப் பக்கம் போர்வைப் பெண் பார்த்தாள். மறுநாள் அவர் வரவில்லை. பூக்கடை அக்கா, "எனக்குக் கட்டிக் குடுத்துடுங்க" என்று வாங்கிக்கொண்டு ஓடினார். பிறகு அவரும் வரவில்லை. கடைசியில் நானும் ஈக்களும்தான் மிச்சம். ஈக்கள்கூடத் தாத்தாவுக்குப் பயந்து என் மேசைக்கே வந்தன.

"இப்படியே போனா அடுப்பை அணைச்சுட்டு வேற வேலை தேட வேண்டியதுதான்" என்றார் அம்மா. "படத்தையெல்லாம் பரண்ல போட்டுடறேன்."

"அவங்க மேல என்னம்மா தப்பு?" என்றாள் குண்டூசி. "தாத்தா கை நீட்டறாரு. யாராலயும் ஒண்ணும் குடுக்க முடியல. அதான் எல்லாருக்கும் தொண்டையில சிக்குது. குடுக்கற மாதிரி ஒரு இடத்துல அவரை நிக்க வைப்போம்."

பிடில்காரரை வாசல் பக்கம் மாட்டினாள். "வர்றவங்களுக்கு வாசிக்கட்டும்." போர்வைப் பெண்ணை அடுப்புப் பக்கம் மாட்டினாள். "குளிர் விடட்டும்." தாத்தாவைத் தெருப்பக்க ஜன்னலில், திரை போலத் தொங்கவிட்டாள். அவர் கைக்குக் கீழே ஒரு தட்டு. தட்டின் பாதி கடைக்குள் இருந்தது, பாதி தெருவில்.

"எதுக்கு ஜன்னலை மறைக்கற?" என்றேன்.

"வெளியே சில பேர் பன் வாசனைக்கு நிக்கறாங்க தாத்தா. நாம பார்த்தா உடனே போயிடறாங்க. இப்ப நமக்கு அவங்க முகம் தெரியாது. அவங்களுக்கும் நம்ம முகம் தெரியாது."

பிறகென்ன? "ஒண்ணு எனக்கு, ஒண்ணு செம்புத் தாத்தாவுக்கு" என்று ஆரம்பித்தவர் தையல்காரர்தான். பூக்கடை அக்காவும் திரும்பி வந்தார். தட்டில் பன் வைத்துவிட்டு ஒரு மடக்கு டீ குடித்துத் திரும்பினால், தட்டு காலி. அடுப்பு அடித்த அனலில் போர்வைப் பெண்ணுக்கு வேர்த்தே விட்டது.

எங்க-காட்டு மாமா சிரித்தார். "தகடு பன் திங்குதா? எங்க, காட்டு."

ஒரு பன் வாங்கித் தட்டில் வைத்தார். கடிகாரம் பார்க்கும் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இமைக்கவில்லை. ஆனால் அவர் தும்மினால் தெருக்கோடி வரை கேட்கும். அன்றைக்கும் தும்மினார். நிமிர்ந்தபோது பன் இல்லை.

"யாரு எடுத்ததுன்னு இப்பவே பார்த்துச் சொல்றேன்" என்று எழுந்தார்.

குண்டூசியின் முகம் வாடிவிட்டது. "மாமா, வேண்டாம் மாமா. ஆளு யாருன்னு சொல்லிட்டீங்கன்னா, அவங்க அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டாங்க."

அவர் கேட்கவில்லை, வெளியே போய்விட்டார். கடையில் யாரும் வாயில் வைத்ததை மெல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகத் திரும்பி வந்தார். பூதக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் அதைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"யாருப்பா எடுத்தது?" என்று தையல்காரர் கேட்டார்.

மாமா ஒருமுறை குண்டூசியைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பினார்.

"இன்னொரு பன் குடும்மா, வெண்ணெய் தடவி. தாத்தாவுக்கு ஒண்ணு பத்தல போல."

"அப்போ செம்புத் தாத்தாதான் தின்னாரா மாமா?" என்றாள் குண்டூசி.

"பின்னே? என் ரெண்டு கண்ணால பார்த்தேன். தாடியில துணுக்குகூட ஒட்டியிருந்துச்சு."