சுண்டெலி கண்டுபிடித்த அறுபத்திரண்டு கிலோ

சுண்டெலியின் அத்தை ஊரையே ஒரு கலக்குக் கலக்கியவர். தனி ஆளாக விமானம் ஓட்டிக் கடலைத் தாண்டிய முதல் பெண் என்றால் சும்மாவா! தீப்பெட்டியில் அவர் படம், பிஸ்கட் டப்பாவிலும் அவர் படம். திரும்பி வந்தவருக்கு வீட்டுக்கு வீடு பரிசு கொடுத்தார்கள்.

யார் கண் பட்டதோ, அப்புறம் எல்லாம் தலைகீழ். அடுத்த முறை விமானம் ஓடியது, கொஞ்சம் எழும்பியது, பொத்தென்று முட்டைக்கோஸ் தோட்டத்தில் விழுந்தது. அதற்கடுத்த முறை வாத்துக் குளத்தில். அத்தைக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கைதட்டிய அதே ஊர் விழுந்து விழுந்து சிரித்தது.

"போதும்மா. நாளைக்குப் பழைய இரும்புக்காரர் வந்து விமானத்தை எடுத்துட்டுப் போகட்டும்" என்று அத்தை அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

சுண்டெலிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பத்து வயதுக்கு அவள் கொஞ்சம் குட்டை, அதனால்தான் அந்தப் பெயர். நேராக விமானக் கொட்டகைக்கு ஓடினாள். மெக்கானிக் மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இன்ஜினை நாலு தடவ பிரிச்சு மாட்டிட்டேன். ஒரு குறையும் இல்ல. எனக்குப் பைத்தியமே பிடிக்குது!"

"விடுங்க மாமா. போறதாவது சுத்தமா போகட்டும்."

துடைக்கும் துணியோடு விமானத்தில் ஏறினாள். இருக்கைக்குப் பின்னால் வால் வரைக்கும் ஒரு குறுகலான பொந்து. பெரியவர்கள் யாரும் நுழைய முடியாது. சுண்டெலி நுழைந்தாள்.

டங்!

"ஐயோ, என் தலை! மாமா, உள்ள ஒரு கடையே இருக்கு!"

பேக்கரிக்காரரின் பித்தளைக் கடிகாரம், பட்டறைக்காரர் அடித்த இரும்புக் கழுகு, பள்ளிக்கூடம் கொடுத்த வெள்ளித் தட்டு, இரண்டு மூட்டைக் கடிதங்கள்... காய்கறிக் கடைத் தராசில் நிறுத்தால் அறுபத்திரண்டு கிலோ!

மெக்கானிக் மாமா துள்ளிக் குதித்தார். "வால்ல ஒரு முழு ஆளையே தூக்கிட்டுப் போனா விழாம என்ன செய்யும்!"

சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தைக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "ஒண்ணொண்ணாத்தானே வந்துச்சு! 'இது உங்க கூடவே பறக்கணும்'னு ஆசையா குடுத்தாங்க. சரி சரின்னு பின்னால தள்ளிவிட்டேன். இப்ப இறக்கி வச்சா அவங்க மனசு நோகாதா?"

சுண்டெலி ஒரு நிமிடம் யோசித்தாள். எல்லாவற்றையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

"பட்டறை மாமா, அத்தை நாளைக்குப் பறக்கிறாங்க. எங்க இறங்கணும்னு மேலேர்ந்து பார்த்தா தெரியணும். உங்க கழுகைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களா?"

"இதைக் கேக்கணுமா!" என்றார் பட்டறைக்காரர். ஊரிலேயே சத்தமாகச் சிரித்தவர் அவர்தான்.

மறுநாள் காலை மைதானத்தின் இரண்டு பக்கமும் ஊரே வரிசையாக நின்றது. விமானம் ஓடியது. சக்கரம் தரையை விட்டது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். முட்டைக்கோஸ் தோட்டம் தாண்டியது, வாத்துக் குளம் தாண்டியது, மேலே, மேலே, இன்னும் மேலே!

விமானத்தை எடுத்துப்போக வந்த பழைய இரும்புக்காரர்கூடத் தொப்பியை வீசிக் கத்தினார். சுண்டெலிக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

ஒரு சுற்று சுற்றிவிட்டு, பளபளக்கும் தட்டுக்கும் கடிகாரத்துக்கும் நடுவே அத்தை அழகாக இறங்கினார். இன்ஜினை நிறுத்தவே இல்லை.

"ஏய் சுண்டெலி! உன் எடை எவ்வளவு?"

"இருபத்தஞ்சு கிலோ! ஏன் அத்தே?"

"அவ்வளவுதானே? தாராளமா தாங்கும். முன் சீட்ல ஏறு..."

அத்தை சொல்லி முடிப்பதற்குள் சுண்டெலி ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் மாட்டியாயிற்று.