திரும்ப ஏற்றிய மூன்று நாள்

பிரவுசரின் ஹிஸ்டரியில் ஒரு வரி அதிகமாக இருந்தது.

காசிராஜன் அதை இரண்டு முறை படித்தான். இரவு ஷிப்ட் முடிந்து வந்து, குளிக்காமல், கூலன்ட் எண்ணெய் வாடை வீசும் சட்டையோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். பகலில் தூங்குவதற்காக ஜன்னல்களில் அட்டை ஒட்டியிருந்ததால், வெளியே படப்பையின் பத்து மணி வெயில் அடித்துக்கொண்டிருந்தும், அறைக்குள் மானிட்டரின் வெளிச்சமும் அட்டையின் ஓட்டை வழியே விழுந்த ஒரு பொட்டு வெயிலும் மட்டுமே இருந்தன. ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் மேஜை அதிர்ந்து, அதன் மேலிருந்த எவர்சில்வர் டம்ளர் மெல்லிய குரலில் முனகி அடங்கியது.

அக்டோபர் 17, 2012. காலை 9.52. 'மூணு நாள் காய்ச்சல் விடவில்லை'.

ஆங்கில எழுத்தில் தமிழ். அவன் மனைவி சுகப்பிரியா அப்படித்தான் தட்டுவாள்.

இன்று 2013 பிப்ரவரி 20. அவள் இறந்து நான்கு மாதம் ஆகிறது.

அக்டோபர் பதினாறாம் தேதி ராத்திரி அவன் அந்தக் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தான். வைரஸ் ஏறி மெதுவாகிவிட்டது என்று அவள்தான் கேட்டாள். அதற்கு முன் அவளுடைய புக்மார்க், ஹிஸ்டரி, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் எடுத்துவைத்தான். நாளைக்கு ஏற்றித் தருகிறேன் என்றான். காலையில் பென்டிரைவ் சட்டைப்பையிலேயே வேலைக்குப் போனது. வல்லம் வடகாலில் அவன் வேலை செய்யும் கம்பெனிக்குள் செல்போனும் பென்டிரைவும் கொண்டுபோகக் கூடாது. செக்யூரிட்டியில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்க வேண்டும். மாலையில் போனை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தான். அன்றும் மறுநாளும் அவள் கேட்டாள். மூன்றாவது நாள், பத்தொன்பதாம் தேதி, இறந்தாள். டெங்கு.

நேற்று மாலை செக்யூரிட்டி எல்லப்பன் கூப்பிட்டான்.

"சார், இது உங்க டோக்கன்ல கெடந்துது. நாலு மாசமா இத்த வச்சிகினு கீறேன். இன்னா, படமா?"

"ஒண்ணுமில்ல எல்லப்பன்."

"ஒண்ணுமில்லாததுக்கா செவப்புக் கயிறு கட்டி வச்சிகீறீங்க."

அவள் கட்டிய கயிறு. காசிராஜன் இரண்டு மணி நேரம் பெர்மிஷன் சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பி, பென்டிரைவைச் செருகி, எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினான். இப்போது பிரவுசரில் இருப்பது அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று அழுத்தினான். அழுத்திய பிறகுதான் புரிந்தது. அந்த மூன்று நாள் அவள் பயன்படுத்தியது வெறும் பிரவுசரை. அதில் அவள் கடைசியாகத் தேடியதெல்லாம் இருந்திருக்கும். அவன் ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. இப்போது அதுவும் இல்லை. மறுபடி ராத்திரி ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போது ஹிஸ்டரி பதினாறாம் தேதியோடு நின்றிருந்தது.

இன்டர்நெட் டேட்டா கார்டுக்கு ரீசார்ஜ் செய்து மாதங்கள் ஆகிவிட்டன. இணைப்பு கிடையாது.

10.31. இன்னொரு வரி வந்தது. 'நிலவேம்பு கஷாயம் எத்தனை வேளை'.

சுவர்க் கடிகாரத்திலும் அதே பத்து முப்பத்தொன்று. கொஞ்ச நேரத்தில் அறையில் கசப்பு வாடை எழுந்தது. நிலவேம்பு கொதிக்கிற வாடை. அடுப்படிக்குப் போய்ப் பார்த்தான். கேஸ் அடுப்பு சில்லென்று இருந்தது.

அவன் பயந்தான். ஆனால் நான்கு மாதத்தில் முதல் முறையாக அவனுக்குப் பசித்தது. அந்த வரிகளுக்கு அந்தப் பக்கம் அவள் உயிரோடு இருந்தாள். இன்னும் இரண்டு நாள் இருந்தது.

முகவரிப் பெட்டியில் தட்டினான். 'ஆஸ்பத்திரிக்குப் போ. இன்றே போ.' பக்கம் திறக்கவில்லை. ஆனால் அவன் தட்டியது ஹிஸ்டரியில் ஏறியது. அக்டோபர் 17, 11.20.

11.26. 'கம்ப்யூட்டரில் தானாக எழுத்து வருவது ஏன்'.

அவள் பார்த்துவிட்டாள்.

அன்று அவன் தூங்கவில்லை, ஷிப்ட்டுக்கும் போகவில்லை. ரத்தம் டெஸ்ட் பண்ணு. படப்பையில் வேண்டாம், தாம்பரம் போ. தட்டிக்கொண்டே இருந்தான். அவள் எங்கும் போனதாகத் தெரியவில்லை. தலைவலி, மூட்டுவலி, வைரஸை எடுப்பது எப்படி என்றுதான் தேடிக்கொண்டிருந்தாள். மறுநாள் விடியும்போது பொறுமை போய், ஒரே மூச்சில் தட்டினான். 'சுகா, போகாவிட்டால் நீ செத்துப்போவாய்.'

வெகுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு வந்தது.

அக்டோபர் 18, 8.14. 'வீட்டுக்குள் யாரோ இருப்பது போல் இருந்தால் என்ன செய்வது'.

அவன் கீழே இறங்கிப் போனான். வீட்டுக்காரம்மா பாப்பம்மாள் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"இன்னா காசி, ட்யூட்டிக்குப் போவல போலகீது. மூஞ்சிகூட கழுவலயா நீ?"

"கடைசி ரெண்டு நாளு சுகா உங்ககிட்ட ஏதும் சொன்னாளாக்கா?"

பாப்பம்மாள் கீரையைக் கீழே வைத்தாள்.

"இத்த நான் அப்பவே சொன்னேன். நீ காதுல வாங்கல. கம்ப்யூட்டர்ல எவனோ நீ செத்துருவேன்னு எழுதுறான்க்கான்னுச்சு. காச்சல்ல பெனாத்துதுன்னு வுட்டேன். கீழ வந்து படுத்துக்கடின்னேன். நான் வந்தா அவனும் பின்னாலயே வருவான்னுச்சு."

"அவனா?"

"அப்டித்தான் சொல்லிச்சு. அதான் மறுநாளு கதவாண்ட பீரோவ இழுத்து வச்சிகிச்சே. நீயும் நாலு பேரும் இடிச்சித் தொறக்க அரமணி ஆவல? அந்த அரமணி முந்தியிருந்தா பொழச்சிருக்கும்னு டாக்டரு சொன்னாரே. நீ இன்னாத்துக்கு இப்ப இத்தயெல்லாம்..."

அவன் படியேறிவிட்டான்.

திரையில் பத்தொன்பதாம் தேதி. அவன் எதுவும் தட்டவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்திருந்தான். தட்டினால் பயப்படுவாள். தட்டாவிட்டால் அவளுக்குச் சொல்ல ஆளில்லை. கீழ்வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ஷேர் ஆட்டோக்காரன் "ஒரகடம், ஒரகடம்" என்று கத்திக்கொண்டு போனான். கஷாய வாடை தொண்டையில் ஒட்டியிருந்தது.

1.05. 'காய்ச்சல் விட்டது கை கால் மட்டும் சில்லென்று'.

அவனுக்கு இப்போது தெரியும், காய்ச்சல் விடுகிற அந்த நேரம்தான் ஆபத்து. அன்று அந்த நேரத்தில் அவன் கம்பெனியில் மெஷின் லைனில் நின்றிருந்தான். போன் செக்யூரிட்டியில் இருந்தது.

2.48. 'மூச்சு வாங்குது'.

கைகளை எடுத்தான்.

'கீழே போ. பாப்பம்மாக்காவிடம் போ.'

'நீ யாரு'

'நான்தான். ராஜன்.'

'அவங்க கம்பெனியில இருக்காங்க'

'நான்தான் சுகா. கதவைத் திற. வெளியே போ.'

'போன் பண்ணினேன் எடுக்கல'

வெகுநேரம் கழித்துத் தட்டினான். 'பயப்படாதே. நான் இந்த அறையில்தான் இருக்கிறேன்.'

அனுப்பிய பிறகே, தான் எழுதியதைப் படித்தான்.

3.31. ஹிஸ்டரியில் வரி வரவில்லை.

சத்தம் வந்தது.

அவனுக்குப் பின்னால். சிமென்ட் தரையில் இரும்பு உரசும் சத்தம். கொஞ்சம் இழுத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி கொஞ்சம். மானிட்டரின் கறுப்பு ஓரத்தில், சுவரோரம் நின்ற பீரோவின் நிழல் கதவை நோக்கி நகர்ந்தது. அவன் எழ நினைத்தான். கால்கள் எழவில்லை. பீரோவின் கண்ணாடி ஒருமுறை அவன் முகத்தைக் காட்டிவிட்டுப் போனது. கதவில் மோதி நின்றது.

பிறகு கட்டில் கிறீச்சிட்டது. யாரோ படுக்கிற மாதிரி.

3.44.

3.52.

மூச்சு. வேகமான, சின்ன மூச்சு. அவன் முதுகுக்கு இரண்டடி தூரத்தில்.

"சுகா" என்றான். மூச்சு ஒரு கணம் நின்றது. அந்தப் பக்கம் பல் கிட்டித்தது. பயந்த உடம்பு சுவரோடு ஒட்டி நகரும் சத்தம். அவன் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

4.05.

கதவு இடிபட்டது.

படியில் பல கால்கள். பாப்பம்மாளின் குரல். தோளால் இடிக்கிறார்கள். பீரோ அசையவில்லை. இவ்வளவுக்கும் மேலே ஒரு குரல் கத்தியது. "சுகா, கதவத் தொற. நான்தான் வந்திருக்கேன்."

அவனுடைய குரல்.

பீரோவைத் தள்ளினால் போதும். கையை நாற்காலியின் பிடியிலிருந்து எடுக்கப் பார்த்தான். கை வரவில்லை. வாயைத் திறந்தான். ஒலி வரவில்லை. வெளியே அவன் அழுதுகொண்டு இடித்தான். உள்ளே அவன் உட்கார்ந்திருந்தான்.

மூச்சு மெதுவானது.

4.19.

இன்னும் மெதுவானது. இடி நிற்கவில்லை.

திரையில் ஒரு வரி வந்தது.

'அவங்க வந்துட்டாங்க நீ வழி விடு'

அவன் நாற்காலியில் அப்படியே இருந்தான். கதவு இடிபட்டுக்கொண்டே இருந்தது. பின்கழுத்தில், ஒவ்வொரு விரலாகப் பதிந்து, சில்லென்ற ஒரு கை அவனைத் தள்ளப் பார்த்தது.