சுவருக்குள் ஒரு மாமா

மழை பிடித்த கிழமையில்தான் நிரோசன் சுவரோடு கதைக்கத் தொடங்கினான்.

அவனுக்கு நாலு வயது. குசினிக்கும் குளியலறைக்கும் நடுவில் இருந்த சுவரில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். கொஞ்ச நேரத்தில் தலையை ஆட்டுவான். சில வேளை சிரிப்பான்.

அவனுடைய அக்கா மெரினாவுக்குப் பத்து வயது. முதலில் அவள் இதைப் பெரிதாக எடுக்கவில்லை. நிரோசன் பூனையோடு கதைப்பான். செருப்போடு கதைப்பான். தட்டில் கிடக்கும் பொரித்த மீனிடம்கூட நலம் விசாரித்துவிட்டுத்தான் சாப்பிடுவான்.

ஆனால், ஒவ்வொரு நாளும் அதே சுவர். கடைசியில் அவள் கேட்டுவிட்டாள்.

“ஆரோட கதைக்கிறாய்?”

“சுவர் மாமாவோட.”

“அவர் என்ன சொல்றார்?”

“ம்ம்ம்ம்ம் எண்டு சொல்றார். அவருக்கு வாய் இல்ல அக்கா. மூக்காலதான் கதைப்பார்.”

மெரினா சிரித்தாள்.

“கையை வைச்சுப் பாருங்க. கிச்சுக்கிச்சு மூட்டுவார்” என்றான் நிரோசன்.

அவள் சிரித்துக்கொண்டே கையை வைத்தாள். சுவர் ஈரமாகவும் குளிராகவும் இருந்தது. ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு உள்ளங்கைக்குள் ஏதோ ஊர்ந்தது. தோலுக்கு அடியில் எறும்புக் கூட்டம் ஓடுவதுபோல இருந்தது.

மெரினா கையை வெடுக்கென்று இழுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓர் எறும்புகூட இல்லை.

“பாத்தீங்களா?” என்றான் நிரோசன் சந்தோசமாக.

மெரினாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர்கள் அந்த வீட்டுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அன்னம்மாள் கோயில் இருக்கும் தலவிலக்குப் போகும் பாதையில், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் வீடு இருந்தது. அப்பா கில்பட் மீன்பிடிக்க முல்லைத்தீவுப் பக்கம் போயிருந்தார். பருவம் முடிந்துதான் வருவார். வீட்டில் அம்மா டொறத்தியும் பிள்ளைகள் இருவரும் மட்டும்தான்.

வீட்டுக்குச் சொந்தக்காரர் ஹயாத்து முகம்மது. சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த அவருடைய தம்பி, குடும்பத்தோடு இந்த வீட்டில்தான் இருந்தார். யுத்தம் முடிந்த பிறகு அவர்கள் சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வீடு பல வருடங்கள் பூட்டிக் கிடந்தது.

மெரினாவின் வகுப்பில் படிக்கும் அனுஷ்கா ஒருநாள் காதுக்குள் சொன்னாள்.

“அந்த வீட்டில இருந்த எல்லாரும் போகல்லையாம். ஒராள் மிச்சமாம்.”

“ஆர் சொன்னது?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

அன்று கேட்டபோது மெரினா அதை நம்பவில்லை. இப்போது அந்தச் சொல் மனசுக்குள் திரும்பத் திரும்ப வந்தது. ஒராள் மிச்சம்.

இன்னொன்றும் இருந்தது. காலையில் அந்தச் சுவரடியில் பல்லி செத்துக் கிடக்கும். வயிறு மேலே பார்க்க, கால்கள் விறைத்து, கண் திறந்தபடி கிடக்கும். காயம் எதுவும் இருக்காது. நிரோசன் அதைச் சிரட்டையில் எடுத்துப் போய், முற்றத்து மணலில் புதைத்து, சிலுவை போட்டுவிட்டு வருவான்.

“பல்லியும் எங்கட வேதமோ?” என்று மெரினா ஒருமுறை கேட்டாள்.

“தெரியாது. கேக்க முதல் செத்துப்போச்சு” என்றான் அவன்.

மழை விடவில்லை. சுவரில் ஈரம் மேலே மேலே ஏறியது. ஒருநாள் பின்னேரம் அம்மா அரிசி கழுவிய கையோடு குசினிக்குள் திரும்பியபோது சறுக்கி, சுவரைப் பிடித்தாள்.

‘ஆ!’ என்ற சத்தம் கேட்டு மெரினா ஓடி வந்தாள். பானை உருண்டு கிடந்தது. அரிசி எல்லா இடமும் சிதறியிருந்தது. அம்மா எதிர்ப்பக்கச் சுவரோடு ஒட்டி நின்று தன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா?”

“ஆரோ என்ர கையைப் பிடிச்சு இழுத்த மாதிரி...” என்றாள் அம்மா.

அதற்குப் பிறகு அம்மா குசினிக்குள் போகும்போதெல்லாம் செபம் சொன்னாள். கறிக்கு உப்புப் போட்டோமா என்பது மறந்துபோனது. மூன்று பேரும் முன்அறையில் ஒன்றாகப் பாயை விரித்துப் படுத்தார்கள்.

அந்த வருடம் நாடு முழுவதும் நேரம் வைத்துக் கரண்ட் வெட்டினார்கள். ஒரு மாலை, இருட்டுகிற நேரத்தில் கரண்ட் போனது. மெரினா மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டுத் திரும்பினால், நிரோசனைக் காணவில்லை.

அவளுக்கு அவன் எங்கே என்று தெரியும். தெரிந்ததால்தான் கால் நகர மறுத்தது. மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லக் குசினி வாசலுக்குப் போனாள்.

இருட்டுக்குள், சுவரில் காதை வைத்தபடி நிரோசன் நின்றான்.

“இஞ்ச வா நிரோசன்.”

“ஷ்ஷ்! மாமா நித்திரை.”

“இஞ்ச வா எண்டு சொன்னேன்!”

அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்தான். அவனை இழுத்துப் பிடித்த அந்தக் கணத்தில் கரண்ட் வந்தது. கூரையில் விளக்கு மினுங்கிப் பிடித்தது. சுவருக்குள்ளிருந்து மெல்லிய ஒரு சத்தம் கேட்டது.

ம்ம்ம்ம்ம்.

மெரினாவின் பிடரி மயிர் சிலிர்த்தது.

“எழும்பிட்டார்” என்றான் நிரோசன்.

அவள் அவனைத் தூக்கிக்கொண்டு முன்அறைக்கு ஓடினாள். அவனைப் பாயில் உட்கார வைத்தாள்.

“இருட்டினா அவர் நித்திரையோ?” என்று கேட்டாள்.

“இருட்டினா இல்ல அக்கா. ஃபான் நிண்டா நித்திரை. பகல்லயும் அப்படித்தான். ஃபான் சுத்தினா எழும்பிடுவார்.”

மெரினா தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு குசினிப் பக்கம் பார்த்தாள்.

ஃபான் நின்றால் நித்திரை. ஃபான் சுற்றினால் விழிப்பு.

பேய்க்கு எதுக்குக் கரண்ட்?

அவள் அம்மாவிடம் போனாள். “அம்மா, அது பேய் இல்ல போலக் கிடக்கு. சுவருக்குள்ள கரண்ட் கசியுது.”

“சுவருக்குள்ள எங்கால கரண்ட் வந்தது? அங்க ஒரு பிளக்கும் இல்ல, வயரும் இல்ல.” அம்மா சொன்னது உண்மைதான். அது வெறும் வெள்ளைச் சுவர். “நீ சும்மா இரு மகள். நான் வீட்டுக்கார நானாவுக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு வருவார்.”

“அதுவரைக்கும் நிரோசன் அங்க போகக்கூடாது” என்றாள் மெரினா. ஒரு கதிரையைக் குசினி வாசலில் குறுக்கே வைத்து, காவலுக்கு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் பின்னேரம் ஹயாத்து முகம்மது குடையோடு வந்தார். கையில் ஒரு போத்தல் இருந்தது.

“ஓதின தண்ணி தங்கச்சி” என்றார்.

அம்மாவும் தானே போய், அன்னம்மாள் கோயிலிலிருந்து ஒரு போத்தல் ஆசீர்வதித்த தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

கரண்ட் வெட்டிய நேரம். வீட்டுக்குள் மங்கலாக இருந்தது. இருவரும் சுவருக்கு முன்னால் நின்றார்கள்.

“நீங்க முதல்ல செய்யுங்க நானா. உங்கட வீடு.”

“இல்ல தங்கச்சி, குடியிருக்கிறது நீங்க. நீங்க முதல்ல.”

“வயசில மூத்தவர் நீங்க.”

“பயந்தது நீங்கதானே?”

இப்படியே கொஞ்ச நேரம் மரியாதை நடந்தது. கடைசியில் அம்மா போத்தலைத் திறந்தாள். சுவரில் தண்ணீர் வழிந்தது. தரை நனைந்தது. அம்மா வெறுங்காலோடு அந்த ஈரத்தில் நின்று, நனைந்த இரண்டு உள்ளங்கைகளையும் சுவரில் ஊன்றிக் கண்ணை மூடிச் செபிக்கத் தொடங்கினாள்.

வாசலில் நின்ற மெரினா அந்தக் கைகளைப் பார்த்தாள். அந்தத் தண்ணீரைப் பார்த்தாள். கூரையில் அசையாமல் நின்ற மின்விசிறியைப் பார்த்தாள்.

இப்போது மாமா நித்திரை. ஆனால், எந்தக் கணமும் எழும்பலாம்.

“அம்மா, கையை எடுங்க!” என்று கத்தினாள். அம்மா செபத்தை நிறுத்தவில்லை. “ஷ்!” என்று மட்டும் சொன்னாள்.

மெரினா திரும்பி ஓடினாள். முன்கதவுக்குப் பக்கத்தில் மெயின் சுவிச் இருந்தது. இடி முழங்கினால் அதைக் கீழே இறக்கவேண்டும் என்று அப்பா போகமுதல் காட்டியிருந்தார். கையைச் சட்டையில் நன்றாகத் துடைத்தாள். எட்டிச் சுவிச்சைக் கீழே தள்ளினாள்.

டக்.

அவள் மூச்சை விடுவதற்குள் பக்கத்து வீட்டு ரேடியோ ‘ஓ’ என்று பாடத் தொடங்கியது. ஒழுங்கை முழுக்க விளக்குகள் பற்றின. எங்கோ ஒரு பிள்ளை “கரண்ட் வந்திட்டு!” என்று கூவியது.

இந்த வீடு மட்டும் இருட்டாகவே இருந்தது.

குசினியில் அம்மா கண்ணைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம். உள்ளே இருட்டு. கைகள் இன்னும் சுவரில் இருந்தன.

“நானா... எல்லாருக்கும் வந்திட்டு. எங்களுக்கு மட்டும் வரல்ல. அதுதான் நிப்பாட்டி வைச்சிருக்கு போல...”

“அது இல்லம்மா” என்றாள் மெரினா. அவளுக்கு மூச்சு வாங்கியது. “நான்தான் நிப்பாட்டினேன்.”

அம்மா தன் ஈரக் கைகளைப் பார்த்தாள். தன் வெறுங்கால்களைப் பார்த்தாள். சுவரிலிருந்து கைகளை மெதுவாக எடுத்து, மெரினாவை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

ஹயாத்து முகம்மது பக்கத்தில் கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்தச் சுவரில ஒரு பிளக் இருந்திச்சு புள்ள” என்றார் சின்னக் குரலில். “பழுதாப் போச்சு எண்டு தம்பி மேலால சீமெந்து பூசி மூடினான். உள்ள வயர் கிடக்கும் எண்டு எனக்கு இப்பதான் ஞாபகம் வருது.”

அன்று அவர்கள் மெயின் சுவிச்சைத் திரும்பப் போடவில்லை. மறுநாள் முந்தலிலிருந்து றோசா என்ற மின்வேலைக்காரி ஸ்கூட்டரில் வந்தாள். சுவரைத் தட்டித் தட்டிக் கேட்டாள். உளியை வைத்துக் கொத்தினாள்.

சீமெந்து உதிர்ந்தது. உள்ளே பச்சை பிடித்த ஒரு பழைய பிளக் பெட்டி இருந்தது. கடற்காற்றின் உப்பு அதில் பூப்பூவாகப் பொரிந்திருந்தது. தோல் உரிந்த வயர்கள் ஈரச் சீமெந்தைத் தொட்டுக்கொண்டிருந்தன. பெட்டிக்குள் ஒரு பல்லி காய்ந்து கிடந்தது.

“கரண்ட் இப்படிக் கசிஞ்சா உடன விழுந்து நிப்பாட்டுறதுக்குத்தான் ட்ரிப் சுவிச். அது இல்லையா?” என்று கேட்டாள் றோசா.

“இரிக்கி. மழை வந்தாச் சும்மா சும்மா விழுந்திச்சு. கரச்சல் எண்டு தம்பி அதை விட்டுட்டு நேராக் கரண்டைக் குடுத்துட்டான்” என்றார் ஹயாத்து முகம்மது.

“சும்மா விழல்ல முதலாளி.” றோசா உப்புப் பொரிந்த பெட்டியை நீட்டினாள். “இதைத்தான் சொல்லிச் சொல்லி விழுந்திருக்கு.”

பழைய வயர்களைப் பிடுங்கி எறிந்தாள். புது ட்ரிப் சுவிச் பூட்டினாள். குசினிக்குத் தண்ணீர் தெறிக்காத மூடி வைத்த பிளக் போட்டாள். பிறகு மெரினாவைக் கூப்பிட்டு, ட்ரிப் சுவிச்சில் இருந்த சின்ன பட்டனைக் காட்டினாள்.

“அமத்து. விழுதா எண்டு பாப்பம்.”

மெரினா அமுக்கினாள். டக்! வீடு முழுவதும் நின்றது.

“நல்லது. மாசத்துக்கு ஒருக்கா இப்படிப் பாக்கவேணும்” என்றாள் றோசா.

எல்லோரும் போன பிறகு நிரோசன் சுவரில் காதை வைத்துப் பார்த்தான். நெடுநேரம் நின்றான். உதடு பிதுங்கியது.

“மாமா இல்ல.”

மெரினா அவன் பக்கத்தில் குந்தினாள். பொய் சொல்லலாமா என்று ஒருமுறை யோசித்தாள்.

“அது மாமா இல்லடா. அது கரண்ட்.”

“அப்ப பல்லியள்?”

“அதாலதான் செத்தது.”

நிரோசன் தன் கையை விரித்துப் பார்த்தான். பிறகு அக்காவின் மடியில் ஏறி, அவளுடைய கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

சில கிழமைகளுக்குப் பிறகு, கடும் மழை பெய்த ஒரு பின்னேரம் அம்மா தேத்தண்ணிக்குக் கரண்ட் கேத்தலைப் போட்டாள். அதன் அடிப்பக்கம் நனைந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. கைபிடியை நோக்கிக் கையை நீட்டினாள்.

டக். ட்ரிப் சுவிச் விழுந்து வீடு இருண்டது.

ஒருவரும் கத்தவில்லை. ஒருவரும் ஓடவில்லை.

“கேத்தலைத் தொடாதீங்கம்மா. முதல்ல மெயினை இறக்கிட்டு வாறேன்” என்றாள் மெரினா.

“ஓம் மகள், தொடல்ல” என்றாள் அம்மா. இருட்டுக்குள் அவள் சிரிப்பது கேட்டது. “இண்டைக்குத் தேத்தண்ணி விறகடுப்பிலதான்.”

“எனக்குச் சீனி கூட!” என்றான் நிரோசன்.